மணிக்குள் அடைத்த நொதி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை, மலருக்காக எழுதித் தந்தது)

 

நம் சங்கச் செயலாளர் போன மாதம் போன் செய்து, "அக்கா, இருபது நிமிஷம் பேசணும். கெமிஸ்ட்ரியும் இருக்கணும், காமர்ஸ் படிச்சவங்களுக்கும் புரியணும்" என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் பால் பண்ணை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள் நான். எனக்குத் தெரிந்த கெமிஸ்ட்ரி எல்லாம் பாலும் சர்க்கரையும்தான். ஆகவே சர்க்கரையை உடைக்கும் ஒரு வேலைக்காரனைப் பற்றிப் பேசுகிறேன். அவனை ஒரு தடவை வேலை வாங்கிவிட்டுச் சாக்கடையில் ஊற்றாமல், திரும்பத் திரும்ப வேலை வாங்குவது எப்படி என்பதுதான் இன்றைய விஷயம்.

இந்தக் கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியல் படித்த எல்லாருக்கும் ஒரு சோதனை நினைவிருக்கும். சர்க்கரைக் கரைசலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றி, போலாரிமீட்டர் குழாயில் நிரப்பி, நேரம் பார்த்து ரீடிங் எடுப்போம். நாம் காப்பியில் போடும் சர்க்கரையான சுக்ரோஸ், ஒளியின் தளத்தை வலப்பக்கம் திருப்பும். அது குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாக உடைந்ததும் அந்தக் கலவை இடப்பக்கம் திருப்பும். வலது இடதாக மாறுவதால் இதற்கு 'இன்வெர்ஷன்' என்று பெயர். இதே வேலையை ஈஸ்ட் செல்லில் இருக்கும் ஒரு நொதி அமிலமே இல்லாமல் சாதாரண வெப்பத்தில் செய்கிறது. அதன் பெயர் இன்வெர்டேஸ். நொதி என்றால் என்ஸைம், ஒரு வகைப் புரதம். வினையை வேகப்படுத்தும், ஆனால் தான் தீர்ந்துபோகாது.

தீர்ந்துபோகாது என்று பாடத்தில் படித்தோம். ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? நொதியைத் தண்ணீரில் கரைத்து, சர்க்கரையில் கலந்தால் சர்க்கரை உடைகிறது. நொதி அங்கேயே கரைந்து கிடக்கிறது, வேலை செய்யும் தெம்போடுதான் கிடக்கிறது. ஆனால் அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. சூடாக்கி அதன் கதையை முடிக்கிறோம், இல்லையென்றால் கழுவி ஊற்றுகிறோம். கல்யாண வீட்டில் முதல் பந்தி முடிந்ததும், எச்சில் இலையோடு சேர்த்துச் சமையல்காரரையும் வெளியே அனுப்பிவிட்டு, அடுத்த பந்திக்குப் புதுச் சமையல்காரரைக் கூப்பிடுவது போல!

"நாங்க தயிருக்கு உறை ஊத்துறோமே, அதுவும் இதுதானே?" என்று தாய்மார்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து வைத்தால் நாளைய தயிர் தயார். ஆனால் உறையில் இருப்பது உயிருள்ள பாக்டீரியா, அது தானே பெருகிக்கொள்ளும். நொதி உயிரில்லாத மூலக்கூறு, பெருகாது. இருப்பதைப் பத்திரப்படுத்தினால்தான் உண்டு.

பத்திரப்படுத்த முடியும் என்பது ரொம்ப நாள் முன்பே தெரிந்த சங்கதி. 1916-ல் அமெரிக்காவில் நெல்சன், கிரிஃபின் என்ற இருவர் இன்வெர்டேஸைக் கரித்தூளில் ஒட்டவைத்துப் பார்த்தார்கள். ஒட்டிக்கொண்ட நிலையிலும் அது சர்க்கரையை உடைத்தது. ஆனால் அதை யாரும் தொழிலாக எடுத்துச் செய்ய அரை நூற்றாண்டு ஆயிற்று. 1969-ல் ஜப்பானில் தனபே செய்யாக்கு என்ற மருந்துக் கம்பெனியில் சிபாத்தா என்பவரின் குழு, ஒரு நொதியைப் பிசின் போன்ற பொருளில் கட்டிவைத்து, அதன் வழியே கரைசலை ஓடவிட்டு அமினோ அமிலங்களைத் தயாரித்தது. கட்டிப்போட்ட நொதி தொழிற்சாலைக்குள் காலெடுத்து வைத்தது அப்போதுதான்.

கட்டிப்போடப் பல வழிகள் உண்டு. ஒரு பரப்பில் ஒட்டவைக்கலாம், வேதிப் பிணைப்பால் தைத்துவிடலாம், இல்லையென்றால் ஒரு கூண்டுக்குள் அடைக்கலாம். நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஐந்து பைசாக் கஷ்டமில்லாமல் செய்யக்கூடியது கடைசி வழிதான். அந்தக் கூண்டுதான் ஜெல் மணி.

அந்த ஜெல் எங்கிருந்து வருகிறது தெரியுமா? கடலிலிருந்து. பழுப்பு நிறக் கடற்பாசிகளின் செல்சுவரில் ஆல்ஜினேட் என்ற பொருள் இருக்கிறது. 1880-களில் ஸ்காட்லாந்துக் கடற்பாசிகளை ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்டு என்ற வேதியியலர் இதை முதலில் பிரித்தெடுத்தார். நமக்கும் இது அந்நியமில்லை. மண்டபம், ராமேசுவரம் பக்கத்துக் கடலில் சர்காஸம், டர்பினேரியா என்ற பாசிகள் விளைகின்றன. அந்தப் பக்கத்துப் பெண்கள் மூச்சை அடக்கிக் கடலுக்குள் முங்கி, பாறையிலிருந்து பாசி பறித்து வந்து காயவைத்து விற்கிறார்கள். ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கவும், துணியில் அச்சுச் சாயம் பரவாமல் நிற்கவும், பல் டாக்டர் நம் பல்லுக்கு அளவெடுக்கும் மாவுக்கும் ஆல்ஜினேட்தான். பல் கட்டிக்கொண்ட என் வகுப்புத் தோழர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். உங்கள் வாய்க்குள் ஏற்கெனவே இது வந்துபோயிருக்கிறது!

சோடியம் ஆல்ஜினேட் தண்ணீரில் கரைந்து கொழகொழவென்று கஞ்சி மாதிரி இருக்கும். அதில் ஒரு சொட்டைக் கால்சியம் குளோரைடு கரைசலில் விட்டால், அந்தக் கணமே உருண்டையாகக் கெட்டிப்படும். காரணம் எளிது. சோடியத்துக்கு ஒரு கை, கால்சியத்துக்கு இரண்டு கை. கால்சியம் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஆல்ஜினேட் சங்கிலிகளை ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொள்கிறது. வளைந்து நெளிந்த இரண்டு சங்கிலிகளுக்கு நடுவில், முட்டைத் தட்டில் முட்டை உட்கார்வது போல, கால்சியம் வரிசையாக உட்கார்கிறது. இதற்கு 'முட்டைப்பெட்டி மாதிரி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இப்போது பூந்தி போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மாவைக் கரைத்துப் பூந்திக்கரண்டியில் ஊற்றுகிறோம், சொட்டுச் சொட்டாக எண்ணெயில் விழுந்து உருண்டு வேகிறது. இங்கே மாவு ஆல்ஜினேட், கரண்டி ஒரு ஊசிக்குழாய், எண்ணெய்க்குப் பதில் கால்சியம் குளோரைடு. மாவில் முந்திரியைச் சேர்ப்பது போல நொதியை முன்கூட்டியே கலந்துவிட்டால், ஒவ்வொரு மணிக்குள்ளும் நொதி சிக்கிக்கொள்ளும். வெந்த ஜவ்வரிசி மாதிரி மணிகள் கிடைக்கும். அவற்றை ஒரு குழாயில் நிரப்பி, மேலே சர்க்கரைக் கரைசலை ஊற்றினால் கீழே உடைந்த சர்க்கரை சொட்டும். நொதி மணிக்குள்ளேயே இருக்கும். மறுநாளும் அதே மணி, அதே வேலை.

சர்க்கரை எப்படி உள்ளே போகிறது, நொதி ஏன் வெளியே வரவில்லை? ஜெல் என்பது ஒரு வலை. சர்க்கரை மூலக்கூறு சிறியது, நெத்திலி மாதிரி கண்ணிகளில் நுழைந்து வெளியேறும். நொதி பெரிய மீன், சிக்கிக்கொள்ளும். ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், வலையில் சில கண்ணிகள் பெரிதாகத்தான் இருக்கின்றன. சிறிய நொதிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அதைத் தடுக்க குளுட்டரால்டிஹைடு போன்ற பொருளால் நொதிகளை ஒன்றோடொன்று கோத்துவிடுகிறார்கள். இல்லையென்றால் நொதியைப் பிரிக்காமல் ஈஸ்ட் செல்லையே முழுசாக மணிக்குள் அடைத்துவிடலாம். செல் நொதியைவிட எத்தனையோ மடங்கு பெரியது, எளிதில் கசியாது. இன்வெர்டேஸ் ஈஸ்ட்டின் செல்சுவர்ப் பகுதியிலேயே இருப்பதால், சர்க்கரை செல்லுக்குள் போகாமலேயே உடைந்துவிடும்.

இன்னொரு குறையும் உண்டு. கட்டிப்போட்ட நொதி, கரைந்த நொதியைவிட மெதுவாகவே வேலை செய்யும். சர்க்கரை மணியின் மையம் வரை ஊடுருவ நேரம் பிடிக்கும். மணியின் வெளிப்பகுதியில் இருக்கும் நொதி ஓய்வில்லாமல் உழைக்க, நடுவில் இருப்பது வேலையில்லாமல் சும்மா இருக்கும். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் சிரிக்கிறீர்கள், புரிகிறது! இதற்கு மருந்து, மணியைச் சிறிதாக்குவது. 4 மில்லிமீட்டர் மணியை 2 மில்லிமீட்டராக்கினால், அதே அளவு ஜெல்லிலிருந்து எட்டு மடங்கு மணிகள் கிடைக்கும், மொத்தப் பரப்பு இரண்டு மடங்காகும். ரொம்பவும் பொடியாக்கினாலோ குழாய் அடைத்துக்கொண்டு கரைசல் இறங்காது. எது சரியான அளவு என்பதைக் கணக்கும் அனுபவமும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும்.

"இதெல்லாம் ஆய்வுக்கூடச் சமாச்சாரம், நமக்கென்ன?" என்று நினைப்பவர்களுக்கு மூன்று உதாரணங்கள் சொல்கிறேன்.

முதலாவது, இந்த மண்டபத்தில் பலருடைய கைப்பையில் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் விரலில் குத்தி ரத்தத்தைத் தொட்டுவைக்கும் அந்தச் சின்னப் பட்டையில், ஒரு நொதியைத்தான் உலர்த்திப் பதித்திருக்கிறார்கள். பல பட்டைகளில் அது குளுக்கோஸ் ஆக்சிடேஸ். இந்த வழியைத் திறந்துவிட்டவர் அமெரிக்காவின் லீலண்ட் கிளார்க். 1962-ல் அவரும் லயன்ஸ் என்பவரும் ஒரு மின்முனையின் மேல் சவ்வுக்குப் பின்னால் இந்த நொதியை அடைத்து, குளுக்கோஸை அளக்கலாம் என்று சொன்னார்கள்.

இரண்டாவது, வெளிநாட்டுக் குளிர்பானங்களின் இனிப்பு. அமெரிக்காவில் மக்காச்சோள மாவிலிருந்து குளுக்கோஸ் எடுத்து, அதைக் குளுக்கோஸ் ஐசோமெரேஸ் என்ற நொதி கட்டப்பட்ட பெரிய கோபுரங்கள் வழியே, சுமார் 60 டிகிரி சூட்டில் ஓடவிடுகிறார்கள். அதில் 42 சதவீதம் ஃபிரக்டோஸாக மாறி வெளியே வருகிறது. ஒரு தடவை நிரப்பிய நொதி மாதக்கணக்கில் உழைக்கும். 1960-களின் கடைசியில் அங்கே தொடங்கிய இந்தத் தொழில் கரும்புச் சர்க்கரைச் சந்தையையே அசைத்துவிட்டது. 1984-க்குள் அமெரிக்காவின் பெரிய கோலாக் கம்பெனிகள் இந்தப் பாகுக்கு மாறின. ஒரு நொதியைக் கட்டிப்போடத் தெரிந்ததால், எங்கோ இருக்கும் கரும்பு விவசாயியின் வருமானம் ஆடியது. விஞ்ஞானம் பாடப்புத்தகத்தோடு நின்றுவிடுவதில்லை.

மூன்றாவது என் சொந்த ஊர்ச் சமாச்சாரம், பால். பாலில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பங்கு லேக்டோஸ் என்ற சர்க்கரை. குழந்தைகளின் குடலில் லேக்டேஸ் என்ற நொதி அதைக் குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் உடைக்கும். வயது ஏற ஏற, உலகில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு இந்த நொதி குறைந்துவிடுகிறது. நம் நாட்டில் வடக்கைவிடத் தெற்கே இது அதிகம். "பால் குடிச்சா வயிறு கடமுடாங்குது" என்று சொல்லும் பெரியவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. அது ஒரு நோயே இல்லை, நொதி குறைவு, அவ்வளவுதான். 1970-களில் இத்தாலியின் மிலான் நகரப் பால் நிலையம், இழைகளுக்குள் அடைத்த லேக்டேஸ் வழியே பாலை ஓடவிட்டு, இப்படிப்பட்டவர்களுக்கான பாலை விற்றது. இங்கே ஒரு எச்சரிக்கை: லேக்டோஸ் உடைத்த பாலில் சர்க்கரை போய்விடுவதில்லை, இரண்டாக உடைந்து இருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் அதைச் சர்க்கரையில்லாத பால் என்று நினைத்துவிடக் கூடாது.

மிலானில் செய்தார்களே, ஆனால் இன்று கடையில் கிடைக்கும் லேக்டோஸ் நீக்கிய பாலில் பெரும்பகுதி கரைந்த நொதியை நேரடியாகக் கலந்து செய்ததுதான். காரணம், நொதியின் விலை குறைந்துவிட்டது. அத்துடன் நாள் முழுக்கப் பால் ஓடும் மணிகளுக்கு நடுவே கிருமி குடியேறாமல் காப்பது பெரும்பாடு. கட்டிப்போடுவது எல்லா இடத்திலும் ஜெயித்த வித்தை அல்ல. எங்கே ஜெயிக்கும், எங்கே தோற்கும் என்று கணக்குப் போடத் தெரிந்தவன்தான் நல்ல வேதியியலன்.

எங்கே ஜெயிக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன், சொல்லட்டுமா? பன்னீர் செய்யும்போது பாலைத் திரித்து, கட்டியை எடுத்துக்கொண்டு, தெளிந்த நீரைக் கீழே விடுகிறார்கள். அந்த நீரில் பாலின் லேக்டோஸ் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. அதன் பி.ஓ.டி., அதாவது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சும் அளவு, லிட்டருக்கு 30,000 முதல் 50,000 மில்லிகிராம் வரை போகும். வீட்டுச் சாக்கடை நீருக்கு அது சில நூறுதான். ஊரின் பெயர் வேண்டாம், ஒரு பன்னீர்க் கொட்டகைக்குப் பின்னால் இருந்த கிணற்றை நான் பார்த்திருக்கிறேன். கொட்டகை வந்த இரண்டாம் வருஷம் அந்தக் கிணற்றில் யாரும் குடம் இறக்கவில்லை. கொட்டகைக்காரர் கெட்டவர் இல்லை. "இந்தத் தண்ணியை நான் என்னம்மா செய்யட்டும்?" என்று என்னையே கேட்டார். அந்தத் தண்ணீரின் லேக்டோஸை உடைத்துச் சுண்டவைத்தால் இனிப்புப் பாகு கிடைக்கும். பேக்கரிக்கும் மாட்டுத்தீவனத்துக்கும் ஆகும். சின்னக் கொட்டகைக்காரர் ஒவ்வொரு நாளும் நொதி வாங்கி ஊற்றக் கட்டுப்படியாகாது. திரும்பத் திரும்ப உழைக்கும் மணி அவருக்குத்தான் வேண்டும்.

அப்படியென்றால் ஏன் யாரும் செய்யவில்லை என்று கேட்பீர்கள். இங்கேதான் வேதியியல் வேலையைக் காட்டுகிறது. பன்னீருக்குப் பாலைத் திரிக்க சிட்ரிக் அமிலம் ஊற்றுகிறார்கள். சிட்ரேட்டுக்குக் கால்சியத்தின் மேல் தனிப் பிரியம். மணியில் கைகோத்து நிற்கும் கால்சியத்தை அது பிடுங்கிக்கொண்டு போகும். கால்சியம் போனால் மணி இளகிக் கொழகொழவென்று ஆகிவிடும். பாஸ்பேட் பஃபரிலும் இதே கதைதான். ஆகவே எலுமிச்சைக்குப் பதில் புளித்த நீரால் பாலைத் திரிக்கலாமா, வேறு கூண்டு தேடலாமா, நீரிலேயே கொஞ்சம் கால்சியம் சேர்க்கலாமா? இவையெல்லாம் பெரிய ஆராய்ச்சி நிலையம் இல்லாமலே நம் மாணவர்கள் சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்விகள்.

மாணவர்களே, இந்தப் பகுதியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 100 மில்லி வாலை வடிநீரில் 2 கிராம் சோடியம் ஆல்ஜினேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்குங்கள். மொத்தமாகக் கொட்டினால் ரவை உப்புமா மாதிரி கட்டி தட்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், நம்ம ஊர் உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமே அதைத் திரித்துவிடும். குமிழி அடங்கும் வரை வைத்திருந்து, பேக்கரியில் கிடைக்கும் உலர் ஈஸ்ட் 2 கிராமைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துச் சேருங்கள். ஊசிக்குழாயில் எடுத்து, நூற்றுக்கு 2 கிராம் கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அரைமணி நேரம் ஊறட்டும். பிறகு கழுவி, ஒரு பெரிய ஊசிக்குழாயின் அடியில் துணி வைத்து மணிகளை நிரப்புங்கள். மேலே சர்க்கரைக் கரைசல். கீழே சொட்டுவதைப் பெனடிக்ட் கரைசலில் சோதித்தால் செங்கல் நிறம் வரும். வெறும் சர்க்கரைக்கு அது வராது.

லேக்டேஸ் சொட்டுமருந்தை மணியாக்கிப் பாலில் சோதிப்பவர்கள் மட்டும் பெனடிக்ட்டை நம்பாதீர்கள். லேக்டோஸே அதில் நிறம் தரும். குளுக்கோஸ் பட்டையால் சோதியுங்கள், சாதாரணப் பாலுக்கும் மணி வழியே வந்த பாலுக்கும் உள்ள வித்தியாசம் நிறத்தில் தெரியும். அதே மணிகளை அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் சோதித்து, எத்தனை நாள் தாங்குகிறது என்று கிராஃப் போடுங்கள். ஈஸ்ட் மணிகள் சில மணிநேரத்தில் மிதக்க ஆரம்பித்தால் பயப்பட வேண்டாம். உடைந்த குளுக்கோஸை ஈஸ்ட் சாப்பிட்டு, கரியமில வாயுவை விடுகிறது. அது ஏன் என்று யோசிப்பதே ஒரு பாடம்.

இப்போது சங்கத்து நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். இன்று காலை வேதியியல் ஆய்வுக்கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். போலாரிமீட்டர் அதே மேஜையில் இருக்கிறது. அதன் சோடியம் விளக்கு எரிவதில்லை. "அப்ப இன்வெர்ஷன் ரீடிங் எப்படிம்மா எடுக்கிறீங்க?" என்று ஒரு மாணவியைக் கேட்டேன். "சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவோம் மேடம்" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒளி வலமிருந்து இடமாகத் திரும்புவதைக் கண்ணால் பார்க்காமலே, அது திரும்பும் என்று எழுதி மார்க் வாங்கும் நிலைமையில் அந்தப் பெண்ணை விட்டிருக்கிறோமே என்றுதான் தோன்றியது. 'கட்டிவைத்த நொதி – சிறுகுறிப்பு வரைக' என்று ஐந்து மார்க் கேள்வி வருகிறதாம். எழுதுகிறார்கள், நன்றாகவே எழுதுகிறார்கள். ஒரு மணியைக்கூடத் தொட்டதில்லை.

மாலை பொதுக்குழுவில் நுழைவு வளைவு கட்டுவதற்கான தீர்மானம் வருகிறது. வளைவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் பெயர் கல்வெட்டில் இருப்பது யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் வளைவுக்கு முன்னால், ஒரு சோடியம் விளக்கு, ஒரு பாட்டில் ஆல்ஜினேட், ஒரு பாட்டில் கால்சியம் குளோரைடு, குளுக்கோஸ் பட்டை, ஊசிக்குழாய்கள், இவற்றை வருஷாவருஷம் வாங்கித்தர ஒரு சிறு நிதியை ஒதுக்குங்கள் என்று கேட்கிறேன். வளைவின் செலவில் இது ஒரு செங்கல் வரிசைகூட ஆகாது. நான் என் பங்கைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். அதோடு, மாணவர்கள் அழைத்தால் மாதம் ஒரு சனிக்கிழமை வந்து கூடவே நின்று மணி போடவும் தயார். பூந்தி போடத் தெரிந்த கை, இதையும் போடும்.

அந்தக் கொட்டகைக்காரர் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை. இந்த மண்டபத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் ஒருவர் சொல்லக்கூடும். அதற்கு அவர்கள் கையில் முதலில் ஒரு ஊசிக்குழாயைக் கொடுப்போம்.